பின்வாசலின் உயரம் ஐந்தரை அடி

நீ ஒரு சாதி வீட்டை வரைந்திருக்கிறாய். இதைப் படித்ததும் போனை எடுக்காதே. போனில் பேசினால் நீ "சிக்னல் விட்டு விட்டு வருதும்மா" என்பாய், நானும் "சரி, சாப்ட்டியா" என்று கேட்டு வைத்துவிடுவேன். இத்தனை வருடமாக நமக்குள் வந்த பெரிய பேச்சுகள் எல்லாம் இப்படித்தான் சோற்றில் போய் முடிந்திருக்கின்றன. புதன்கிழமை ஒரே ஒரு கேள்வியை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் விழவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். வீட்டு வேலை செய்யும் பெண்களின் சங்கத்துக்குத் துண்டறிக்கை எழுதி எழுதிப் பழகிய கை இது. சங்கத்துப் பெண்களுக்கும் இதைப் படித்துக் காட்டப் போகிறேன். ஏனென்றால் அவர்களில் ஒருத்திக்கு நான் செய்த காரியமும் இதில் வருகிறது.

ஆனால் முதலில் நன்றி. திங்கட்கிழமை மீஞ்சூருக்கு அந்தப் பக்கம் நம் மனையில் கடைக்கால் தோண்ட ஆள் வருகிறார்கள். நம் வம்சத்தில் யாருடைய வீட்டுக்கும் யாரும் கடைக்கால் தோண்டியதில்லை. நாம்தான் ஊராருக்குத் தோண்டியிருக்கிறோம். தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டில் ஒரே அறையும், அறைக்குள் ஒரு சமையல் மூலையும், மூலைக்குள் உன் புத்தக அட்டைப்பெட்டியுமாக வளர்ந்த நீ, கட்டடக் கலை படித்து, எனக்கும் உன் அப்பாவுக்கும் ஒரு வீடு வரைந்திருக்கிறாய். அதற்காக நான் யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் உனக்கே சொல்கிறேன். போன பொங்கல் விடுமுறையில் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது நீ பின்னால் வந்து நின்று, டேப்பை இழுத்து, தரையிலிருந்து என் முழங்கை வரை அளந்தாய். நினைவிருக்கிறதா? "அசையாதம்மா" என்றாய். "இன்னாடா, பொட்டிக்கு அளவு எடுக்கிறியா? இன்னும் கொஞ்ச நாள் கீறேன்டா" என்றேன். நீ சிரிக்கவில்லை. "அடுப்பு மேடைக்கும்மா" என்றாய். ஊரெல்லாம் ஒரே உயரத்தில் மேடை கட்டுகிறார்களாம், என்னைப் போன்ற குள்ளமான பெண்கள் தோளைத் தூக்கிக்கொண்டே வாழ்நாள் முழுக்கக் காய் நறுக்குகிறார்களாம். பதினாறு வயதிலிருந்து மற்றவர்கள் வீட்டுச் சமையலறையில் நின்றிருக்கிறேன். என் தோள் ஏன் வலிக்கிறது என்று ஒருவர் கேட்டதில்லை. நீ கேட்கக்கூட இல்லை, அளந்துவிட்டாய். அன்று முதுகைத் திருப்பிக்கொண்டு மீனைக் கழுவுவது போல அழுதேன். இப்போது சொல்கிறேன், தெரிந்துகொள்.

வரைபடத்தை நீ கொண்டுவந்து விரித்த நாளும் நல்ல நாள்தான். தரை போதவில்லை, கட்டிலைத் தூக்கிச் சுவரோடு நிறுத்தினோம். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தாய். துறைமுக வாசலில் இரண்டு நாள் கன்டெய்னர் லாரி வரிசையில் கிடந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த உன் அப்பா, லுங்கியோடு குந்தி உட்கார்ந்து நடுவில் விரலை வைத்தார்.

"இன்னா நைனா, வூட்டுக்கு நட்ட நடுவுல ஓட்ட வுட்டு வச்சிக்கீற? மய வந்தா?"

"அதுதாம்ப்பா முற்றம். வெளிச்சம் வரும், காத்து வரும், மழையும் வரும். பழைய வீட்டு முறை."

"அப்டிப் பாத்தா நம்ம வூட்லயும் ஒரு முற்றம் கீதுடா. பாத்ரூமாண்ட சீலிங் ஒயுவுது பாரு, அதான்."

நீ சிரித்தாய், அவரும் சிரித்தார். பிறகு நீ ஒவ்வொன்றாகச் சொன்னாய். ஓட்டுக்கூரைக்குக் கீழே சூடு இறங்காமல் இருக்க இன்னொரு அடுக்கு. முற்றத்தைச் சுற்றி மரத்தூண். கூரையின் தென்பக்கம் சோலார். மூட்டு ஆபரேஷன் செய்த எனக்காகக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, உட்காரத் திட்டு. பழைய வீட்டின் குளிர்ச்சியும் புது வீட்டின் வசதியும் ஒன்றாக இருக்கும் என்றாய். நல்ல நோக்கம். இதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்த மாதிரி வீட்டை நீ புத்தகத்தில் பார்த்திருக்கிறாய். நான் குனிந்து பார்த்திருக்கிறேன். ராயபுரத்தில் கயிற்றுக்கடைக்காரர் வீட்டில் பதினோரு வருடம் வேலை செய்தவள் நான். கப்பலுக்கு வடமும் சங்கிலியும் விற்றுப் பெருத்த குடும்பம். முற்றம், எட்டுத் தூண், செம்மண் நிறத் தரை, பித்தளைக் குமிழ் பதித்த கதவு, நீ வரைந்த அத்தனையும் அங்கே இருந்தன. அந்தத் தூண்களில் செதுக்கியிருந்த பூவும் கிளியும் எவ்வளவு அழகு என்று வருகிறவர்கள் சொல்வார்கள். அந்தக் கிளியின் அலகுக்குள் தூசி போனால் ஈர்க்குச்சியில் துணியைச் சுற்றித்தான் எடுக்க முடியும் என்று எனக்குத் தெரியும். முற்றத்தில் மழை கொட்டும்போது அந்த வீட்டுக்காரர்கள் ஊஞ்சலில் உட்கார்ந்து பார்ப்பார்கள். தண்ணீர் போக ஒரே ஒரு துவாரம். ஐப்பசி மழையில் அதில் இலை அடைத்துக்கொண்டால் முழங்கால் தண்ணீரில் நின்று கையை விட்டு எடுத்தவள் நான். உன் வரைபடத்திலும் ஒரே துவாரம்தான் இருக்கிறது. மீஞ்சூர் பக்கம் காற்று திரும்பினால் அனல்மின் நிலையத்துக் கரித்தூள் வரும். திறந்த முற்றம் விடிவதற்குள் கறுத்துவிடும். நீ திறந்துவிடுவாய், சரி. துடைப்பது யார்? நிலைப்படியை உயரமாக வைத்திருக்கிறாய், பழைய வீட்டு லட்சணம் என்று. இடுப்பில் குடமும் கையில் வாளியுமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்த நிலைப்படியைத் தாண்டித்தான் என் மூட்டு போனது. அந்த மூட்டுக்காகக் கம்பி வைத்திருக்கிறாய்; அந்த மூட்டைத் தின்ற நிலைப்படியையும் வைத்திருக்கிறாய். உனக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. வேலைக்குப் போன வீட்டைப் பற்றி வீட்டில் பேசுவது அசிங்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு வரைபடத்தை நான் சுருட்டவில்லை. மறுநாள் தரையில் உட்கார்ந்து விரலை வைத்து உன் வீட்டுக்குள் நடந்து பார்த்தேன். முன்பக்கம் எனக்குப் பிடிபடவே இல்லை. எது வாசல், எது கூடம் என்று தடுமாறினேன். சமையலறையைத் தாண்டியதும் விரல் தானாக ஓட ஆரம்பித்தது. பின்கட்டு, இடப்பக்கம் திரும்பினால் துவைக்கும் கல், கல்லை ஒட்டிக் குழாய், இரண்டு படி கீழே, மதிலோரமாக ஒரு ஆள் போகிற அளவுக்குச் சந்து, சந்தின் முடிவில் ஒரு சின்னக் கதவு. கண்ணை மூடிக்கொண்டு போயிருப்பேன். ஏனென்றால் பதினோரு வருடம் போயிருக்கிறேன். அது கயிற்றுக்கடைக்காரர் வீட்டுப் பின்பக்கம், அங்குலம் பிசகாமல்.

அப்போதுதான் புரிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் நீ நேராக அங்கேதான் வருவாய். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். எழுதி முடித்ததும் சந்தின் நீளத்தைக் காலடியால் அளந்து எண்ணிக்கொண்டே போய்வருவாய். அந்த வீட்டில் நீ பார்த்தது அவ்வளவுதான். முன்பக்கத்தை இன்றுவரை நீ பார்த்ததில்லை, இப்போது பார்க்கவும் முடியாது, இடித்துவிட்டார்கள். முன்பக்கத்தைப் புத்தகத்தைப் பார்த்து வரைந்தாய். பின்பக்கத்தை மனதைப் பார்த்து வரைந்தாய். கல்லுக்கு மேலே ஒரு புங்க மரம் போட்டு "அம்மா உட்கார நிழல்" என்று பென்சிலில் எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்ததும் கோபம் முழுதாக வரவில்லை. வேலை முடிந்து நான் பத்து நிமிடம் உட்காரும் இடம் அந்தக் கல்தான். அது எனக்குப் பிடித்த இடம் என்று நினைத்துவிட்டாய். உட்கார வேறு இடம் இல்லாததால் உட்கார்ந்தேன், மகனே. ஆனாலும் நான் உட்கார்ந்த இடத்தை இருபது வருடம் மனதில் வைத்திருந்தாயே, அதற்கும் நன்றி.

அந்தச் சின்னக் கதவுக்கு வருகிறேன். அந்த வீட்டம்மா கெட்டவர் இல்லை, தீபாவளிக்குப் புதுப்புடவைதான் கொடுப்பார். முதல் நாள் நான் முன்வாசல் படியில் கால் வைத்தபோது மெதுவாகத்தான் சொன்னார்: "படி ஈரமாயிடும், நீ அந்தப் பக்கமா போயிடு." என் கால் அன்று காய்ந்துதான் இருந்தது. பால்காரர் ஈரக்காலோடு முன்வாசலில்தான் வந்துபோனார். நாம் யார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் படி ஈரமானது. நான் படியிலிருந்து காலை எடுத்து அந்தப் பக்கமாகப் போனேன். கோபமாவது வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. உன்னைக் கூட்டிப்போன முதல் நாளில், அந்தக் கதவருகே உன் தலையைப் பிடித்து அழுத்தி, "குனிடா, இடிச்சிக்கப் போற" என்றேன். உனக்கு அப்போது ஏழு வயது. மூன்றரை அடி இருப்பாய். ஐந்தரை அடிக் கதவில் உனக்கு எங்கே இடிக்கும்? குள்ளமான எனக்கே இடிக்காது. நான் குனிந்த பழக்கத்தில் உன்னையும் குனியவைத்தேன். தினமும் சொன்னேன். போன வருடம் உன் ஆபீசுக்குக் கூட்டிப்போனாயே, உன்னைவிட இரண்டு மடங்கு உயரமான கண்ணாடிக் கதவு, அதைத் திறந்து உள்ளே போகும்போது நீ தலையைத் தாழ்த்தினாய். கூட வந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை. நான் பார்த்தேன். இப்போது உன் வரைபடத்தில் அந்தப் பின்கதவுக்கு உயரம் ஐந்தரை அடி என்று எழுதியிருக்கிறது. உன் உயரம் ஐந்தே முக்கால். உன் சொந்த வீட்டில் நீயே குனிகிற மாதிரி ஒரு கதவு. அதை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான்.

இன்னொன்றும் இருக்கிறது, இது உனக்குத் தெரியாது. ஆபரேஷன் முடிந்து நான் படுத்திருந்தபோது பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க தேவகியை ஏற்பாடு செய்தாய். பக்கத்து பிளாக். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருக்கிறவள். அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் குப்பை வண்டி வேலை. நம்மைத் தொடாதவர்கள் ஊரில் இருக்கிறார்கள் என்று கூட்டம் போட்டுப் பேசுகிற நம் பிளாக்கிலேயே, அவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் நாலு வீடு உண்டு. நம் பிளாக்குக்கு இரண்டு மாடிப்படி. முன்படி தெருவைப் பார்த்து. பின்படி குப்பைத் தொட்டிப் பக்கம், பகலிலும் இருட்டு, குழாய் ஒழுகி வழுக்கும். தேவகி வந்த இரண்டாம் நாள், துவைத்த துணி வாளியோடு கிளம்பியவளைக் கூப்பிட்டு நான் சொன்னேன்: "படி ஈரமாயிடும், நீ அந்தப் பக்கமா போயிடு."

அதே வார்த்தை. ஒரு எழுத்து மாறவில்லை. சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, முன்வாசலில் வரும் உரிமையைப் பற்றிப் பேசுகிற இதே வாய்தான்.

தேவகி வாளியைக் கீழே வைத்தாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னாக்கா, போர்டு வூட்லயே பங்களா கட்டிக்கினு கீறியா? முன்வாசல், பின்வாசலுன்னு? எத்தினி பெட்ரூம்பு?" என்றாள். சிரித்தபடிதான் கேட்டாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு முன்படியிலேயே இறங்கிப்போனாள். வேண்டுமென்றே ஒவ்வொரு படியிலும் சொட்டவிட்டுப் போனாள் என்று நினைக்கிறேன். படி பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டது. நான் பதினோரு வருடத்தில் சொல்லாததை அவள் இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. கேட்டபோது, "வுடுக்கா, காலு நோவுல இன்னாவோ ஒளறிட்ட. சுடுதண்ணி வைக்கட்டா?" என்றாள். கால் வலியில் உளறவில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என்னை நடக்கவைத்தது டாக்டர் மட்டும் இல்லை. தினமும் தோளைக் கொடுத்து அந்த வராந்தாவில் என்னை இழுத்துக்கொண்டு நடந்தவள் அவள்.

அதனால்தான் நீ அவளிடம் "தேவகிக்கா, நீங்களும் புது வீட்டுக்கு வந்துடுங்க, அம்மாவுக்குத் துணையா" என்று சொன்னபோது எனக்கு மனம் நிறைந்துபோனது. அவளும் பெட்டி கட்டாத குறையாக இருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை தரையைத் துடைக்க வந்தவள் வரைபடத்தின் மூலை டம்ளரை எடுத்துவிட்டு உற்றுப் பார்த்தாள். பின்கட்டில் சந்தோரமாக, மோட்டார் பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினாள்.

"இது இன்னாக்கா ரூம்பு? மோட்டாருக்கா?"

நீ அதில் 'உதவியாளர்' என்று எழுதியிருந்ததை நான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. ஆறு அடிக்கு ஏழு அடி. ஜன்னல் இல்லை, மேலே ஒரு சல்லடைத் துவாரம். சந்து வழியாகத்தான் போக முடியும், அந்த ஐந்தரை அடிக் கதவு வழியாகத்தான் வர முடியும்.

"எனக்கா?" என்றாள். கையிலிருந்த துடைப்பத்தைத் தரையில் படுக்கவைத்து, அதன் நீளத்தைப் பார்த்தாள். "தொடப்பத்த நீட்டிப் படுக்க வச்சா நான் நின்னுக்கினுதான் தூங்கணும் போலகீதே." பிறகு அவளே, "சரி வுடு, மோட்டாருக்கும் ஒரு தோஸ்து வேணும்ல" என்று சொல்லிவிட்டு மிச்சத் தரையைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அவள் புது வீட்டைப் பற்றிப் பேசவில்லை. அதுவரை தினமும் பேசிக்கொண்டிருந்தவள், அங்கே கிணறு இருக்குமா, முருங்கை வைக்கலாமா என்று.

நீ கெட்டவன் இல்லை. நீ கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கடிதம் இரண்டு வரியில் முடிந்திருக்கும். அழகான பழைய வீடு ஒன்றை எடுத்து, அதில் சோலாரையும் கம்பியையும் சேர்த்தால் புது வீடாகிவிடும் என்று நம்பியிருக்கிறாய். அந்த வீட்டின் அழகு முன்பக்கத்தில் இருந்தது. அது நடந்தது பின்பக்கத்தால். யார் எங்கே நிற்க வேண்டும், யார் எந்தப் பக்கம் வரக்கூடாது என்று முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்கேற்ற மாதிரி சுவர் எழுப்பியவர்கள் கட்டியது அது. சுவரை அப்படியே எடுத்துக்கொண்டால் அந்த முடிவும் கூடவே வந்துவிடும். நாம் குடியேறிய பிறகு நாமே அந்த வீட்டம்மாவாகவும் ஐயாவாகவும் மாறிவிடுவோம். ஒரே அறை வீட்டிலேயே நான் மாறினேன். முற்றம் உள்ள வீட்டில் மாறாமல் இருப்பேன் என்று எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.

எனக்கு முற்றம் வேண்டும். மழையை உட்கார்ந்து பார்க்க வேண்டும், இவ்வளவு நாள் நின்றுகொண்டே பார்த்துவிட்டேன். துவாரத்தை இரண்டாக்கு, கையால் தூக்கி எடுக்கிற சல்லடை போடு. தூணை மொழுமொழுவென்று விடு, கிளி வேண்டாம். நிலைப்படியைத் தரையோடு தரையாக்கு. துவைக்கும் கல் வேண்டாம்; மிஷின் வை, அதை நீ போடக் கற்றுக்கொள். புங்க மரம் இருக்கட்டும், ஆனால் முன்பக்கம் வை. சமையல் மேடை என் முழங்கை உயரத்திலேயே இருக்கட்டும், அதில் கை வைக்காதே. முற்றத்தைப் பார்த்து மூன்று அறை வரைந்திருக்கிறாய்: உனக்கு, எங்களுக்கு, விருந்தாளிக்கு. விருந்தாளி வருடத்துக்கு இரண்டு நாள் வருவார். தேவகி தினமும் இருப்பாள். இதை நான் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சந்துப் பாதையையும் கதவையும் அழிக்காமல் நீ கடைக்கால் தோண்டினால் தோண்டிக்கொள், வீடு உன்னுடையது. நான் தண்டையார்பேட்டையிலேயே இருந்துகொள்கிறேன். அப்பாவையும் கேட்டேன். "ஓட்ட வூடோ ஓட்டல்லாத வூடோ, உங்கம்மா எங்க கீறாளோ அங்க சோறு" என்று சொல்லச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீ வருவாய். வரைபடத்தைத் தரையில் விரித்து வைத்திருப்பேன், நாலு மூலைக்கும் டம்ளர் வைத்து. தேவகியையும் வரச்சொல்லியிருக்கிறேன். வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன், ஆனால் இந்தத் தடவை சாப்பாட்டைப் பேச்சு முடிந்த பிறகுதான் போடுவேன். புதன்கிழமை உன்னிடம் கேட்ட கேள்வியை இனி நான் கேட்கப்போவதில்லை. அவளுக்கு எதிரே உட்கார், அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல்: தேவகி உன் வீட்டுக்குள் எந்த வாசல் வழியாக வர வேண்டும்?